கோளாறு கேமராவில்தான்

“நல்லா பாருங்கக்கா. கோளாறு கேமராவுலதான் இருக்கணும்.”

கேமரா ரிப்பேர் செய்யும் அக்கா தலை நிமிர்ந்தாள். “வர்றவங்க எல்லாம் ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்கன்னு வேண்டிக்கிட்டு வருவாங்க. நீங்க என்ன தம்பி, இருந்தே ஆகணும்னு அடம் பிடிக்கிறீங்க?”

அவன் மூன்று ரோல் படங்களை மேசையில் பரப்பினான். எல்லாவற்றிலும் அவன்தான், எதிலும் முகம் தெளிவாக இல்லை.

“சுவத்து ஆணிகூட பளிச்சுனு இருக்கு. உங்க மூஞ்சிதான் கரைச்சு ஊத்தின மாதிரி இருக்கு. யார் எடுத்தது?”

“என் வீட்டுக்காரி.”

“சண்டையா?”

அவன் லேசாகச் சிரித்தான். “மேலேர்ந்து குனிஞ்சு பார்க்குற கேமராதானே. எனக்கு அவ வகிடு மட்டும்தான் தெரியும். எப்ப நிமிர்வான்னு பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பேன்.”

“கூட்டிட்டு வந்திருந்தா ஃபோகஸ் திருகை எப்படித் திருப்புறாங்கன்னு பார்த்திருப்பேன்.”

“எனக்கும் ஆசைதான்.”

அக்கா பின்மூடியைத் திறந்தாள். ஃபிலிம் ஓடும் இடத்தில், பிம்பம் விழுவதற்காகத் தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடித் துண்டை வைத்து, ஜன்னலுக்கு வெளியே இருந்த பெயர்ப்பலகையைப் பூதக்கண்ணாடியால் பார்த்தாள். பிறகு கேமராவின் மேல்பக்கத் திரையில் குனிந்து பார்த்தாள். இரண்டிலும் எழுத்துகள் ஒன்றுபோல் கூர்மையாக இருந்தன.

“மேல தெரியுறதும் ஃபிலிம்ல விழுறதும் ஒத்துப் போகுது.”

“உள்ள இருக்கிற கண்ணாடி சாய்ஞ்சிருக்கலாம்.”

“சாயலை.”

“திரையைத் தலைகீழா மாட்டியிருந்தா?”

“படிச்சுட்டு வந்துட்டீங்களா?” திரையைக் கழற்றிக் காட்டி மறுபடி மாட்டினாள். “சரியாத்தான் இருக்கு. லென்ஸும் ஆடலை.”

“இன்னொரு தடவை...”

“தம்பி, இங்க பாருங்க.” படங்களைத் தேதிவாரியாக அடுக்கினாள். “முதல் ரோல்ல கண்ணுக்குப் பதிலா காது தெளிவு. அடுத்ததுல நாற்காலி முதுகு. கடைசியில சுவரு. கேமரா தப்பு பண்ணினா எப்பவும் ஒரே மாதிரி பண்ணும். இது மாசாமாசம் கூடிக்கிட்டே போகுது.”

அவன் கடைசிப் படத்தை மட்டும் கையில் எடுத்தான்.

அக்கா கேமராவைத் துடைத்து நீட்டினாள். “பொருள் தங்கம். செலவு மிச்சம்னு சந்தோஷப்படாம ஏன் முகம் செத்துப் போச்சு? அவங்க கண்ணைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும். தள்ளிப் போடாதீங்க.”

அவன் கை நீட்டவில்லை.

“மங்கலா தெரியுதுன்னு அவ நாலு மாசமா சொன்னாக்கா. உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்லடி, கேமராவுலதான் கோளாறுன்னு நான்தான் சொன்னேன். தலைக்குள்ள கட்டின்னு டாக்டர் சொன்னப்ப, முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதான்னு கேட்டாரு. அவ போய் ஆறு மாசம் ஆச்சு.”