பேஸ்மென்ற்றில் ஒரு காதல் காட்சி

"உன்னைக் காணாத நாளெல்லாம் எனக்கு ஒரு நாளே இல்லை" என்றான் அன்புராசா. குரலில் தேன் ஒழுகியது.

"அப்படியானால் இவ்வளவு காலமும் எங்கே போயிருந்தீர்கள்?" என்று கொஞ்சினாள் பேர்ணடெற். கொஞ்சிவிட்டு கலகலவென்று சிரிக்கவும் செய்தாள்.

"ஓகே, கட்!" என்றது கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒரு குரல். அந்தக் கணமே பேர்ணடெற்றின் சிரிப்பு செத்துப்போனது. கதிரையை அவனிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"செல்வம் அண்ணை, உவரை அங்கால தள்ளி நிக்கச் சொல்லுங்கோ. உவற்றை மூச்சு என்ர கழுத்தில படுது."

"உவவுக்கு வாய் மட்டும் இன்னும் குறையேல்லை எண்டு சொல்லுங்கோ அண்ணை" என்றான் அன்புராசா, சுவரைப் பார்த்தபடி.

செல்வரட்ணம் தலையில் கை வைத்துக்கொண்டார். கனடாவில், ஸ்காபரோவில் தன் வீட்டு பேஸ்மென்ற்றில், சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டு, தமிழ் டிவிக்காக ஒரு ஸ்பானியப் படத்தைத் தமிழ் பேச வைத்துக்கொண்டிருந்தார் அவர். அந்தக் காலத்து நாட்டுப்புறம். பண்ணைக்காரியின் கோவேறு கழுதைக்கு வைத்தியம் பார்க்க வந்தவன், கழுதையை மறந்துவிட்டுப் பண்ணைக்காரியிடம் விழுந்துவிடுகிற சிரிப்புக் கதை.

பாதிப் படத்துக்குப் பேசும்வரை அன்புராசாவும் பேர்ணடெற்றும் புருஷன் பெண்சாதி. அதற்குப் பிறகு பிரிந்துவிட்டார்கள். மீதிப் பாதிக்குக் குரலை மாற்ற முடியாதென்று, காலில் விழாத குறையாகக் கேட்டுத்தான் இருவரையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

நாளும் பார்த்து வந்து வாய்த்தது. அன்று காலைதான் ஊரில் சண்டை முடிந்துவிட்டதென்று ரேடியோவில் சொன்னார்கள். முல்லைத்தீவில் இருந்த பேர்ணடெற்றின் அம்மாவிடமிருந்து தை மாதத்துக்குப் பிறகு ஒரு சொல் இல்லை. வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்துதான் அவள் வந்திருந்தாள். பெற்றவள் இருக்கிறாளோ இல்லையோ என்று தெரியாமல் இங்கே நின்று கொஞ்சுவதை நினைக்க அவளுக்கு அவள்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வந்ததும் வராததுமாக அன்புராசா, "மாமியின்ர பக்கம் ஏதும்..." என்று வாயெடுத்தான்.

"என்ர அம்மான்ர கதை உம்மட வாயால வரப்படாது!" என்று ஒரே வெட்டாக வெட்டினாள். அதோடு அவன் மைக் பக்கம் திரும்பிவிட்டான்.

ஒலிப்பதிவு அறைக்குள் போன் கொண்டுபோகக்கூடாது. அவளுடையதும் அவனுடையதும் வெளியே செல்வரட்ணத்தின் மேசையில் கிடந்தன. "கோல் வந்தால் உடனை கையைக் காட்டுவன் பிள்ளை" என்று அவர் சத்தியம் பண்ணாத குறை. பிரிந்த கோபத்தில் பழைய போனை அவனிடமே எறிந்துவிட்டு நம்பரையே மாற்றியிருந்தாள் பேர்ணடெற். புது நம்பரை வவுனியாவில் இருக்கும் சித்தி எப்படியும் அம்மாவிடம் சேர்த்திருப்பாள் என்ற நம்பிக்கையில், வசனத்துக்கு வசனம் கண்ணாடியைப் பார்த்தாள்.

"அடுத்த சீன். பண்ணைக்காரி கதவைத் திறக்கிறா. ஸ்ராட்!"

"என் வீட்டுக் கதவு உங்களுக்காகத்தான்..." என்று அவள் தொடங்கியபோது, எங்கோ ஒரு வண்டு இரைந்தது. அன்புராசாவின் காற்சட்டைப் பைக்குள்ளிருந்து.

அவன் பாய்ந்து கதவைத் திறந்து படிக்கட்டுக்கு ஓடினான். "ஹலோ... ஹலோ... கேக்குதோ? வைச்சிடாதேங்கோ, ப்ளீஸ்... ஹலோ!" என்று அவன் கெஞ்சுவது உள்ளே தெளிவாகக் கேட்டது.

பேர்ணடெற்றுக்கு உச்சந்தலை கொதித்தது. மேசையில் ஒரு போன், பொக்கற்றுக்குள் ஒளித்து இன்னொன்று! கட்டி வாழ்ந்த காலத்தில் அவளிடம் ஒரு தரமாவது இப்படிக் கெஞ்சியிருப்பானா? அவனுக்கு வேறொருத்தி இருக்கிறாள் என்று சிநேகிதிகள் சொன்னபோது அவள் முழுதாக நம்பவில்லை. இப்போது நம்பினாள்.

"லைன் கட்டாயிட்டுது" என்று முகம் வெளிறித் திரும்பி வந்தான்.

"அண்ணை, உவருக்கு ரெண்டு போன். ரெண்டாவது ஆருக்கெண்டு கேளுங்கோ."

"அது உவவுக்குத் தேவையில்லாத கதை அண்ணை."

"ஊரே செத்துக் கிடக்குது, உவருக்கு இண்டைக்கும் சரசம் கேக்குது! மனுசனே உவர்?"

"ஐயோ, ரெண்டு பேரும் என்னைக் கொல்லாமல் இந்த ஒரு சீனை முடிச்சுத் தாங்கோ!" செல்வரட்ணம் கும்பிட்டே விட்டார். திரையில் பண்ணைக்காரி திராட்சைக் கொடிகளுக்கு நடுவே குடையைச் சுழற்றிக்கொண்டு வந்து மறுபடியும் கதவைத் திறந்தாள்.

"என் வீட்டுக் கதவு உங்களுக்காகத்தான் திறந்திருக்கிறது" என்றாள் பேர்ணடெற், பல்லைக் கடித்துக்கொண்டு.

வண்டு மறுபடி இரைந்தது.

இந்தத் தடவை அவன் வெளியே எடுத்ததுதான் தாமதம், அவள் பாய்ந்து அவன் கையிலிருந்து போனைப் பறித்தாள். "இண்டைக்கு இவளுக்கு நான் குடுக்கிறன்!"

"பேர்ணடெற், கட் பண்ணிப்போடாதை! கும்பிட்டுக் கேக்கிறன், கட் பண்ணாதை!" மாதக்கணக்கில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடாதவன் அலறினான்.

அவ்வளவு உருக்கமா? நாக்கின் நுனியில் அத்தனை தூஷணமும் வந்து வரிசையில் நிற்க, அவள் மடக்குப் போனின் மூடியைத் திறந்து, அது யாருடையதென்றுகூடப் பார்க்காமல் காதில் வைத்தாள். வாயைத் திறக்குமுன், இரைச்சலுக்கு நடுவே களைத்துப்போன ஒரு குரல் அவசர அவசரமாகச் சொன்னது:

"தம்பி, மாமி கதைக்கிறன். பிள்ளை பக்கத்தில நிக்கிறாளோ?"