மறந்துபோன சீனம்

சீனாக்காரர் நிட்டிங் மிஷினுக்கு அடியில் படுத்துக் கிடந்தார். வெளியே நீட்டியிருந்த கால்களைப் பார்த்ததுமே அருள்செல்வனுக்குத் தெரிந்துவிட்டது.

பின்பக்கத்தை மடித்து மிதித்துச் செருப்பாக்கிய கான்வாஸ் ஷூ. லியாங்தான்.

அப்படியே திரும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் அக்கா புருஷன் வேல்குமார் தோளில் கை போட்டு உள்ளே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

"மாப்ள, நல்ல நேரத்துல லீவுல வந்தீங்க. இந்த மனுசன் என்ன சொல்றாருன்னு எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. உங்களுக்குத்தான் சீன பாஷை தண்ணி பட்ட பாடாச்சுங்களே, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

"மறந்துபோச்சுங்க மாமா."

தோளிலிருந்த கை இறங்கியது. பட்டாளத்துக்குப் போனதும் உன் தம்பிக்குப் பவுசு வந்துவிட்டது என்று அக்காவிடம் சொல்வார். சொல்லட்டும். அக்காவும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம்.

அவனுக்குச் சீனம் சொல்லிக்கொடுத்ததே இந்த லியாங்தான். இதே பனியன் கம்பெனியில் மிஷின்களை இறக்கிப் பூட்ட வந்து, மாதக்கணக்கில் தங்கியவர். அருள்செல்வன் அப்போது இங்கே ஃபிட்டர். ஊசி, நூல், எண்ணெய் என்று தொட்டுக் காட்டித்தான் ஆரம்பித்தது. போகப் போக இருவரும் டீக்கடையில் உட்கார்ந்து அவரவர் அம்மாவைப் பற்றிப் பேசும் அளவுக்கு வந்துவிட்டது.

அப்புறம் எல்லையில் தகராறு. லியாங்குக்கு விசா நின்றது; இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் மறுபடி கிடைத்திருக்கிறது போல. பட்டாளமோ சீனம் தெரிந்த ஆட்களைத் தேடியது.

போய்ச் சேர்ந்தான். மொழிக்காரனாக ஏதோ ஓர் அறையில் சொகுசாக உட்கார்ந்திருக்கலாம். கமாண்டோக்களோடு மலையேற ஒரு மொழிக்காரன் வேண்டும் என்றபோது கையைத் தூக்கினான். புத்தி கெட்ட வேளை. முதுகில் மூட்டையைக் கட்டி ஓடவிட்டார்கள். பனித் தண்ணீரில் நிற்கவைத்தார்கள். தூங்கவிடாமல் கேள்வி கேட்டுக் கேட்டு, முகத்தில் எதுவும் தெரியாதபடி பழக்கினார்கள். கூட வந்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவன் தேறினான்.

இப்போது பாறைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்துப் பையன்கள் வயர்லெஸ்ஸில் பேசுவதைக் கேட்பதுதான் வேலை. பெரும்பாலும் சோற்றைப் பற்றியும் குளிரைப் பற்றியும்தான் பேசுவார்கள். ஊருக்கு வந்தும் அந்தக் களைப்பு தீரவில்லை. கண் தூங்கினாலும் காது தூங்க மாட்டேன் என்கிறது.

வீட்டில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. அந்த நாட்டுக்காரர் ஒருவரோடு ஒரு வார்த்தை பேசினால் போதும், பட்ட பாடெல்லாம் பாழாகி, சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான்.

லியாங் மிஷினுக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. அவனைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாக, எண்ணெய்க் கைகளை விரித்துக்கொண்டு வந்தார்.

அருள்செல்வன் அசையவில்லை.

லியாங்கின் கண் அவனுடைய ஒட்ட வெட்டிய முடியைப் பார்த்தது. பனியில் வெந்து கறுத்த கன்னத்தைப் பார்த்தது. விறைத்து நின்ற விதத்தைப் பார்த்தது. விரித்த கைகளைத் தாழ்த்திச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது அருள்செல்வனுக்கு.

லியாங் மிஷின் பக்கம் திரும்பி, ஸ்பானரை எடுத்து ஒரு போல்ட்டைத் திருக ஆரம்பித்தார். திருகிக்கொண்டே மிஷினிடம் பேசினார், அவருடைய மொழியில். நூல் மாட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன். உன்னால் பதில் சொல்ல முடியாது. எனக்குப் புரிகிறது."

போல்ட் இறுகவில்லை. இன்னொரு ஸ்பானரை எடுத்தார்.

"என் மகனும் பட்டாளத்துக்குப் போய்விட்டான். மலை மேல் போட்டிருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்தே குளிர் தாங்கமாட்டான். போன மாதம் போட்டோ அனுப்பினான். கன்னம் இதே மாதிரி கறுத்துப்போயிருக்கிறது."

அருள்செல்வனின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நன்றாகத்தான் பழக்கியிருந்தார்கள்.

வேல்குமார் பக்கத்தில் வந்து நின்றார். "என்னங்க மாப்ள சொல்றாரு? ஒரு வார்த்தைகூடவா ஞாபகத்துல இல்ல?"

"மிஷினைத் திட்டறாருங்க மாமா" என்றான் அருள்செல்வன்.