விபூதிப் புதன்

வரிசையில் வந்த அந்தப் பெண் நெற்றியைக் காட்டவில்லை. வலது கையை நீட்டினாள்.

உபதேசியார் மதலைமுத்துவின் சாம்பல் அப்பிய கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது.

வரதராஜன்பேட்டைக் கோவிலில் காலைப் பூசைக்குக் கூட்டம் வாசல் வரை இருந்தது. சாமியார் ஒரு வரிசைக்கும், அவருக்கு உதவியாக உபதேசியார் ஒரு வரிசைக்கும் விபூதி பூசிக்கொண்டிருந்தார்கள். "மனம் திரும்பு" என்று ஒவ்வொரு நெற்றியிலும் ஒரு சிலுவை.

சற்று முன் வாசகம் வாசித்தவரும் மதலைமுத்துதான். துணியைக் கிழித்துக்கொண்டு அழுதது போதும், நெஞ்சைக் கிழித்துக்கொண்டு என்னிடம் திரும்பி வாருங்கள் என்று இறைவாக்கினர் வழியாக ஆண்டவர் கூப்பிடுகிற பகுதி. அதை வாசிக்கும்போதெல்லாம் அவருக்கு மகன் ஞாபகம் வரும். இது அவன் காதில் விழ வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்.

அடுத்த வரியை மட்டும் வேகமாகக் கடந்துவிடுவார். யார் கண்டது, ஆண்டவரே மனம் மாறித் திரும்பலாம் என்கிற வரி. ஆண்டவர் எதற்குத் திரும்ப வேண்டும்?

ஆறு வருடத்துக்கு முன் மகன் அடைக்கலராஜ், தான் தாலி கட்டிய வேற்று மதப் பெண்ணோடு வீட்டு வாசலில் வந்து நின்றான். மதலைமுத்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "போ" என்றார். போய்விட்டு வா என்று சொல்லவில்லை.

இப்போது மகன் அரியலூரில் படுத்த படுக்கை. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்களாம். தகவல் வந்து ஒரு வாரம். திரும்பி வரவேண்டியவன் அவன்தானே என்று மதலைமுத்து இருந்துவிட்டார்.

நீட்டிய கை அப்படியே இருந்தது.

பின்னால் நின்ற சின்னம்மாள் சிரித்துவிட்டாள். "ஏத்தா, இது என்ன மாரியாயி கோவிலு விபூதியா, கையில வாங்கி மடிச்சிட்டுப் போவ? நெத்தியக் காட்டு தாயி, நேரமாவுது."

அந்தப் பெண் குன்றிப்போனாள். ஆனால் கையை மடக்கவில்லை. இடது கையில் ஒரு துண்டுக் காகிதம் தயாராக வைத்திருந்தாள்.

"எனக்கு இல்லைங்க, எங்க வூட்டுக்காரருக்கு. அவரால எந்திரிக்க முடியல. காலையில ஒரு தடவ கண்ணத் தொறந்தாரு. இன்னிக்கு விபூதித் திருநாளு மலரு, அப்பா கையால வாங்கிட்டு வான்னாரு... மாமா."

கடைசிச் சொல் அவளுக்கே கேட்காத குரலில் வந்தது.

மதலைமுத்து மலர்க்கொடியின் முகத்தை முதல் முறையாகப் பார்த்தார்.

'மனம் திரும்பு' என்று சொல்ல வாயெடுத்தார். அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

சாம்பல் தட்டை அவள் நீட்டிய கையிலேயே வைத்தார். தலை குனிந்து தன் நெற்றியைக் காட்டினார்.

கோவிலே பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிலுவை போடத் தெரியாது. சொல்ல வேண்டிய சொல்லும் தெரியாது. ஊரில் தன் அம்மா பூசிவிடுவதைப் போல விரலால் தொட்டு மெல்ல இழுத்தாள். அம்மா சொல்வதையே சொன்னாள்.

"நல்லா இருங்க."

அரியலூர் பஸ் பாதி வழி போன பிறகுதான் மலர்க்கொடி கையிலிருந்த காகிதத்தைப் பிரித்துப் பார்த்துப் பதறினாள். அது வெறும் காகிதமாகவே இருந்தது.

"ஐயோ மாமா, விபூதி..."

"இருக்கும்மா" என்றார் மதலைமுத்து.

மாசி வெயில் ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது. முன்னால் போன சுண்ணாம்புக்கல் லாரி புழுதியை வாரி இறைத்தது. வேர்வை புருவம் வரை இறங்கிக் கண்ணைக் கரித்தது.

அரியலூர் வரும்வரை அவர் நெற்றியைத் துடைக்கவே இல்லை.