மஞ்சள் சட்டை

பஸ்ஸில் வேர்த்து நனைந்ததென்று மாற்றிவிட்டு, குதிரைப் பண்ணைக் கம்பியில் காயப் போட்டிருந்த இனியாவின் மஞ்சள் சட்டையைக் காணோம்.

போன வாரம் நீலச் சட்டை போனபோது, காற்றில் பறந்திருக்கும் என்று கலைப்பிரியா விட்டுவிட்டாள். காற்று என்ன, ஒரே பிள்ளையின் சட்டையை மட்டும் வாராவாரம் தேடி வந்து தூக்கிக்கொண்டு போகுமா?

இனியாவுக்கு ஏழு வயது. ஆட்டிசம். பேச்சு கிடையாது. சந்தோஷம் வந்தாலும் பயம் வந்தாலும் காதைப் பொத்திக்கொண்டு ஒரே அலறல்தான். அதற்குப் பயந்தே இரண்டு பள்ளிக்கூடத்தில் "வேற எடம் பாருங்க" என்று சொல்லிவிட்டார்கள். குதிரைமேல் உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தால் சில பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும் என்று டாக்டர் சொன்னதை நம்பி, வளவனூரிலிருந்து விழுப்புரம் வந்து, பஸ் மாறி, திண்டிவனம் தாண்டி இந்தப் பண்ணைக்கு சனிக்கிழமைதோறும் கூட்டி வருகிறாள்.

மற்ற பிள்ளைகள் எல்லாரும் ஏறுகிறார்கள். இனியாவை மட்டும் குதிரைக்காரர் ராயப்பன் ஏற்றுவதில்லை.

"பாப்பா தூரமா நின்னே பாக்கட்டும்மா. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

அடுத்த வாரமும் இதே பதில்தான். ஆனால் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு இனியாவையே உற்று உற்றுப் பார்ப்பார். அப்போதெல்லாம் கலைப்பிரியா மகளைத் தன் பின்னால் இழுத்துக்கொள்வாள்.

விழுப்புரத்தில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, மறுபடியும் சட்டையக் காணோம்."

"நான் அப்பவே சொன்னனா இல்லியா? தொவைக்காத துணிய அந்தக் குதிரைக்காரன் எதுக்கு எடுக்கறான்? செய்வினைக்குத்தான்! புள்ளயவே பாத்துக்கினு இருக்கான்னு வேற சொல்ற."

"பயமா இருக்குது அண்ணி."

"பயந்துக்கினு நிக்காத. அவன் கால் வச்ச எடத்து மண்ணு ஒரு புடி எடுத்துக்கினு வா. எனக்குத் தெரிஞ்ச பூசாரி ஒருத்தரு இருக்காரு. அவன் வச்சத அவன் குடும்பத்துக்கே திருப்பி உட்டுடுவாரு."

"ஐயோ, அதெல்லாம் பாவம் அண்ணி. என்னால ஆவாது."

போனை வைத்தாள். எதிரே ராயப்பன் வெறுங்காலோடு லாயத்துப் பக்கம் போனார். கொஞ்ச நேரம் கழித்து, இனியாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அவளும் பின்னால் போனாள்.

லாயத்துக் கதவு சாத்தியிருந்தது. தள்ளப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே இனியா அலறினாள்.

ஆனால் இனியா இங்கே, அவள் பக்கத்தில் நிற்கிறாள். வாய் மூடியிருக்கிறது.

மறுபடியும் அதே அலறல். பெற்றவளுக்குத் தெரியாதா மகளின் குரல்? துணியை எடுத்தவன் குரலையும் எடுத்துவிட்டானா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடத்தான் கால் துடித்தது. ஓடினால், உள்ளே மாட்டிக்கொண்ட குரல்?

கதவை ஓங்கித் தள்ளினாள்.

ராயப்பனின் தோளில் மஞ்சள் சட்டை. ஒரு கையில் கேரட், மறு கையில் செல்போன். அலறல் அந்தப் போனிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அத்தனை பெரிய குதிரை, சுவரோடு ஒட்டிக்கொண்டு, கால் வெடவெடக்க நின்றது.

"ஒண்ணுமில்ல மைனா. நம்ம பாப்பாதான்." சட்டையை அதன் மூக்கருகே கொண்டுபோனார். மைனா முகர்ந்து பார்த்தது. தயங்கித் தயங்கிக் கேரட்டைக் கடித்தது. நீலச் சட்டை தீவனத் தொட்டிக்கு மேலே தொங்கியது.

அப்போதுதான் ராயப்பன் அவளைப் பார்த்தார். போனை அவசரமாக நிறுத்தினார்.

"மன்னிச்சிக்கம்மா, கேக்காம எடுத்துட்டேன்."

"எதுக்குண்ணே இதெல்லாம்?"

"பாப்பாவுக்குக் குதிரைன்னா பயமே இல்லம்மா. மைனாவுக்குத்தான் பாப்பான்னா பயம். மொத நாளு பாப்பா சத்தம் போட்டப்ப, லாயத்துல இது கயித்த அறுத்துக்கப் பாத்துச்சி. மேல ஏத்தி, மெரண்டு தள்ளிட்டுதுன்னா? அதான் போன்ல சத்தத்தப் புடிச்சி, அந்தச் சத்தத்தையும் வாசனையையும் பழக்கிக்கினு இருக்கேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்றது? உன் புள்ளயப் பாத்துக் குதிரையும் பயப்படுதுன்னா? ரெண்டு ஸ்கூல்ல கேட்டு நொந்துபோயி வந்திருக்க. நானும் அதயே சொல்லணுமா?"

கலைப்பிரியா அழுதுவிட்டாள்.

அம்மா அழுததாலோ, குதிரையைக் கிட்டத்தில் பார்த்த சந்தோஷத்தாலோ, இனியா காதைப் பொத்திக்கொண்டு நிஜமாகவே அலறினாள். கலைப்பிரியா பதறிப்போய் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

மைனா காதை மட்டும் ஆட்டியது. நகரவில்லை.

"பாத்தியா!" ராயப்பனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இன்னும் கொஞ்ச நாளு. ஏத்திடலாம். வர்ற வாரம் இன்னொரு சட்டை எடுத்துக்கினு வாம்மா, தொவைக்காம."

"கொண்டாறேண்ணே."

அவர் போனைப் பையில் போடக் குனிந்தபோது, கலைப்பிரியா குதிரைப் பக்கம் திரும்பி நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சற்று முன் அவர் கால் பதிந்த இடத்திலிருந்து அள்ளி முடிந்திருந்த ஒரு பிடி மண், சத்தமில்லாமல் லாயத்துத் தரையில் கொட்டியது.