அலமாரிக்கு ஓர் அர்ச்சனை

“பெயின்ட் காஞ்சதும் அதுமேல இந்தப் பழுப்புக் கிளேஸைப் பூசி, உடனே துணியால துடைச்சிடணும் சின்னதுரை. கதவுல செதுக்கின பள்ளத்துல மட்டும் பழுப்பு நிக்கணும். அதுலதான் சூட்சுமமே” என்றேன். பக்கத்து வீட்டுச் சின்னதுரை கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பெயின்ட் அடிப்பது அவருடைய தொழில். என்னுடையது முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்திய வாய். நாலு வீடியோ பார்த்த தைரியத்தில், சுவருக்கு அடிப்பவருக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று அவர்மேல் இரக்கப்பட்டேன்.

எங்கள் சமையலறை அலமாரிகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிட்டது. எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு பிளைவுட்டில் செய்ய என் மனைவி அம்பிகா ஆசாரியிடம் சொல்லிவிட்டாள். நானே புதுசாக்கிக் காட்டுகிறேன் என்று கெஞ்சி ஒரு வாரம் தவணை வாங்கினேன். அவள் சிரித்துக்கொண்டே ஜெயங்கொண்டத்திலிருக்கும் மகள் வீட்டுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பாள். பிடிக்காவிட்டால் சனிக்கிழமை ஆசாரி வந்துவிடுவார்.

ஒன்பது கதவுகளையும் கழற்றிக் கொல்லைப்பக்கம் செங்கல்மேல் படுக்கவைத்தேன். முதல் நாளே பெயின்ட் வழிந்து, சொட்டுச் சொட்டாக நின்றது. மறுநாள் காலை, கிளம்புகிறேன் என்று அம்பிகாவுக்குப் போன் செய்துவிட்டு, வாலிகண்டபுரம் சிவன் கோயிலில் அலமாரிக்காக ஓர் அர்ச்சனை செய்தேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டபோது கொஞ்சம் திணறி, அம்பிகாவின் நட்சத்திரத்தைச் சொன்னேன்.

திரும்பி வந்து பார்த்தால் ஒரு சொட்டுகூட இல்லை. கதவெல்லாம் வழவழவென்று இருந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் அம்பிகாவுக்கு ஒரு போன், அலமாரிக்கு ஓர் அர்ச்சனை. மாலையில் நான் கெடுத்ததை ஈசன் காலையில் சரிசெய்தான்.

இப்போது புதன்கிழமை. நான் துடைக்கத் துடைக்கக் கிளேஸ் சேறு அப்பியதுபோல் பரவியது. “காயட்டும் சார், நல்லா வரும்” என்று சொல்லிவிட்டுச் சின்னதுரை போய்விட்டார்.

நல்லாத்தான் வந்தது. வியாழன் காலை கோயிலிலிருந்து திரும்பியபோது, பழுப்பு பள்ளங்களில் மட்டும் மெல்லிய கோடாக நின்றது. பக்கத்தில் ஒரு கட்டம்போட்ட துண்டு, முழுக்கப் பழுப்புக் கறையோடு கிடந்தது. யார் வீட்டுக் கொடியிலிருந்தோ பறந்து வந்து விழுந்திருக்கிறது, பாவம் என்று துவைத்து மதில்மேல் போட்டேன். கறை போகவில்லை.

வெள்ளிக்கிழமை அம்பிகா வந்தாள். மாட்டியிருந்த கதவுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு ஆசாரிக்குப் போன் போட்டு, வரவேண்டாம் என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“எல்லாம் ஈசன் செயல். என் கையில என்ன இருக்கு” என்றேன், மிகுந்த தன்னடக்கத்தோடு.

“அதென்னவோ வாஸ்தவம்தாங்க” என்றவள், பையிலிருந்து கட்டம்போட்ட புதுத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். “இத சின்னதுரை அண்ணன்கிட்ட குடுத்துடுங்க. அவரோடது கிளேஸ்ல பாழாயிடுச்சாம்.”

நான் துண்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“நீங்க கோயிலுக்குக் கெளம்பிட்டீங்கன்னு தெனமும் நான்தான் அவருக்குச் சொன்னேன்.”