மேசையின் அதிர்வு

மேசை நின்றுவிட்டது.

இரண்டு மணி நேரமாக அவள் முன்னால் அடுக்கியிருந்த பந்தய வில்லைகள் மெல்ல அதிர்ந்துகொண்டே இருந்தன. அண்ணன் எதிரே வந்து உட்கார்ந்ததிலிருந்து அப்படித்தான்.

இப்போது அதிர்வு இல்லை.

அண்ணன் தன் வில்லைகள் அத்தனையையும் நடுவுக்குத் தள்ளிவிட்டு, ஒன்றும் அறியாதவன்போல் உட்கார்ந்திருந்தான்.

நூற்று முப்பது பேர் ஆட வந்த போக்கர் போட்டி. மிச்சம் மூன்றே பேர். அவள், அண்ணன், மூன்றாவதாக ஒரு ஐதராபாத்காரர். அவரிடம் ஒரு கைப்பிடி வில்லைதான் இருந்தது. அண்ணனும் தங்கையும் அடித்துக்கொள்வதைப் பார்த்து அந்த மனிதருக்கு வாயெல்லாம் பல்.

நடுவில் ஐந்து சீட்டும் திறந்து கிடந்தன. அதில் ஒரு ராஜா, மற்றதெல்லாம் சில்லறைச் சீட்டுகள்.

அவள் கையில் இரண்டு ஒன்பது.

அண்ணன் கையில் இன்னொரு ராஜா இருந்தால் அவள் தோற்றாள். இல்லையென்றால் அவன் சும்மா மிரட்டுகிறான்.

புத்தியுள்ளவள் விலகிவிடுவாள். விலகினால் ஐதராபாத்காரர் சீக்கிரமே காலியாவார், இரண்டாம் இடம் கைக்கு வரும். தானும் அத்தனையையும் தள்ளி ஏற்றுத் தோற்றால் இப்போதே எழுந்து போக வேண்டியதுதான். பதினோரு வருடமாக ஆடுகிறாள். இவ்வளவு தூரம் வந்ததே இல்லை.

ஆனால் அவள் சீட்டைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தாள்.

அண்ணனுக்குக் காலாட்டும் பழக்கம். அப்பா முதுகில் போட்டும் போகாத பழக்கம். சாப்பிடும்போது ஆட்டுவான், பரீட்சை எழுதும்போது ஆட்டுவான். மணமேடையில் அவன் ஆட்டிய ஆட்டில் ஐயர் நெய்க் கிண்ணத்தையே தள்ளி வைத்துக்கொண்டார்.

பொய் சொல்லும்போது மட்டும் நின்றுவிடும்.

ஏழு வயதில் அவள் கண்டுபிடித்த ரகசியம் அது. அவனிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் மாற்றிக்கொள்வான், கள்ளன்.

இப்போது அவனுக்கு நாற்பத்தொன்பது. சின்ன வயதுச் சமாச்சாரம், எப்போதோ போயிருக்கும். இரண்டு வருடமாக இதையே தனக்குச் சொல்லிச் சொல்லித்தான் தூங்குகிறாள்.

இரண்டு வருடத்துக்கு முன் இதே கோவாவில், இதே ஓட்டல் கூடத்தில், போனின் சத்தத்தை அணைத்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தாள். எடுத்துப் பார்த்தபோது அண்ணனிடமிருந்து பதினான்கு அழைப்புகள். மறுநாள் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவைப் பிணவறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

வராந்தா பெஞ்சில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சு அதிர்ந்துகொண்டிருந்தது.

"அம்மா என்னையக் கேட்டுச்சாண்ணே?"

"இல்ல பாப்பா. தூக்கத்துலயே போயிருச்சு."

பெஞ்சு நின்றது.

ஐதராபாத்காரர் பொறுமையிழந்து கடிகாரத்தைக் காட்டினார். சீட்டு போடும் பெண், "ஒன் மினிட், மேடம்" என்றாள்.

இந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. நாம் விலகிவிட்டால் எதிராளி தன் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. கவிழ்த்தபடியே திருப்பிக் கொடுத்துவிடலாம். எல்லாவற்றையும் தள்ளியவனை எதிர்த்து ஏற்றுவிட்டாலோ, அவன் காட்டியே ஆக வேண்டும்.

விலகினால் இரண்டாம் இடம். ராத்திரித் தூக்கமும் உண்டு.

ஏற்று, அங்கே ராஜா இருந்தால் தோற்பாள். ஆனால் கால் நின்றதற்கு ஒரு அர்த்தமும் இல்லை என்றாகிவிடும். அம்மா தூக்கத்திலேயே போயிருப்பாள்.

ராஜா இல்லையென்றால் ஜெயிப்பாள்.

ஜெயிக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"வேணாம் பாப்பா, விட்ரு" என்றான் அண்ணன்.

"இங்கிலீஷ் ஒன்லி, சார்." சீட்டு போடும் பெண் கண்டித்தாள். ஆட்டத்தின் நடுவே வேறு பாஷை பேசக் கூடாது என்பது விதி.

அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். மாட்டிக்கொண்டாள். போதும். சந்தேகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை வருடம் படுப்பது? எதுவாக இருந்தாலும் தெரிந்துகொண்டுதான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப்போகிறாள்.

இரண்டு கையாலும் வில்லைகளை முன்னால் தள்ளினாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சுலயும் நீ காலாட்டலண்ணே."

அதட்ட வாயெடுத்த பெண், இவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

அண்ணன் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினான்.

ஒரு ராணி. ஒரு நாலு.

ஐதராபாத்காரர் கைதட்டினார். நடுவில் கிடந்ததெல்லாம் அவள் பக்கம் வந்து குவிந்தது.

அவள் எதையும் தொடவில்லை.

அண்ணன் தலை நிமிராமல் சொன்னான்.

"ஒரே ஒரு தடவைதான் பாப்பா, அம்மா கேட்டுச்சு."

அவள் உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைத்தாள்.

மேசை அதிரட்டும் என்று காத்திருந்தாள்.