குப்பை பதினேழு

"இப்ப கேளுங்க அக்கா. துடைச்சு வெச்ச மாதிரி இருக்கும்" என்று ஹெட்போனை நீட்டினான் டமாரம்.

டமாரம் என்பது கடையில் வைத்த பட்டப்பெயர். பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது பிழைப்பு. வீட்டுக்கு வந்துவிட்டால் ஒரு கம்ப்யூட்டர், சின்னதாக ஒரு கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர், அவ்வளவுதான் உலகம். கதவு கிறீச்சிடுவது, குழாய் சொட்டுவது, லென்ஸ் மெஷின் உறுமுவது என எதையும் விடமாட்டான். பதிவு செய்து, வெட்டி, ஒட்டி, தாளமாக்கிப் பாட்டு கட்டிவிடுவான். கேட்கத்தான் ஆள் கிடையாது.

அந்த அக்கா கண்ணாடி மாற்ற வந்தபோது முதலாளிதான் இவனைக் கைகாட்டினார். விரிசல் விட்ட பழைய போன் ஒன்றை அவள் மேஜைமேல் வைத்தாள்.

"இதுல என் வீட்டுக்காரர் பாடுறது இருக்கு தம்பி. மூணே நிமிஷம். எனக்குன்னு இது ஒண்ணுதான் மிச்சம். போன் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. எப்படியாவது காப்பாத்திக் குடுங்க."

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. டமாரத்துக்கு மேற்கொண்டு எதையும் கேட்க வாய் வரவில்லை. வீட்டில் சொன்னபோது மனைவியும், "பாவம், இந்த வயசுலயா! எதையாவது கேட்டுக் கிளறிடாதீங்க" என்றாள்.

பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய மறுநாளே போன் செத்துப்போனது. நல்லவேளை என்று நெஞ்சைத் தடவிக்கொண்டான். இனி அந்த மூன்று நிமிடம் உலகத்தில் இவன் ஒருவனிடம்தான் இருந்தது. வெறும் விளையாட்டு என்று எல்லாரும் சொன்ன வேலை, முதல்முறையாக ஒரு மனுஷிக்கு ஆறுதலாகப் போகிறது.

பத்து நாள், வேலைக்குக் கிளம்புமுன் உட்கார்ந்தான். நல்ல குரல். வார்த்தையே இல்லாமல், தாழ்ந்த தொனியில் ஏதோ ஒரு மெட்டு. ஆனால் பின்னால் விடாமல் 'கர்... கர்...' என்று ஒரு சத்தம். மின்விசிறியோ, பழைய ஃபிரிட்ஜோ, என்ன சனியனோ! குரலில் கீறல் விழாமல் அதை மட்டும் பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இன்று காலை அவள் படியேறி வந்தபோது அவனுடைய புதுப் பாட்டு ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் மனைவி எழுந்து போகாமல் கேட்ட முதல் பாட்டு அது. வந்தவளோ கதவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். இரைச்சல் தாங்கவில்லை போலிருக்கிறது என்று, "ஐயோ, மன்னிச்சுக்கங்க அக்கா. உள்ள வந்து உட்காருங்க" என்று பதறி நிறுத்தினான்.

"இல்ல தம்பி, கீழே வண்டி நிக்குது. பாட்டைப் போடுங்க."

நின்றபடியே கேட்டாள். முகத்தில் ஆறுதலைக் காணோம். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற பதற்றம்தான் இருந்தது.

"சத்தத்தைக் கூட்டுங்க."

கூட்டினான்.

"இன்னும்."

"காது போயிடும் அக்கா."

"பின்னால ஒண்ணு வருமே தம்பி... கர் கர்னு... அது எங்க?"

டமாரத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. "அதுவா! பத்து நாளா அதோடதானே மல்லுக்கட்டு. ஒரு துளி மிச்சமில்லாம எடுத்துட்டேன்."

ஹெட்போனை மெல்லக் கழற்றினாள். உதடு வெளுத்துப்போயிருந்தது. "முன்னே இருந்த மாதிரியே ஒண்ணு வெச்சிருக்கீங்களா?"

"அதுமேலயேதான் சேமிச்சேன். கம்ப்யூட்டர்ல இடம் இல்லக்கா. இனி அது எதுக்கு?"

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "சரி தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது. என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை.

அடுப்படி வாசலில் நின்ற மனைவிதான் வாயைத் திறந்தாள். "ஏங்க, நீங்கதான் ஒரு சத்தத்தையும் தூக்கிப் போடமாட்டீங்களே. அந்தக் குப்பையில தேடிப் பாருங்களேன்."

அவனுக்குச் சுரீரென்றது. எந்தப் பதிவிலிருந்தும் நீக்குகிற சத்தத்தைத் தனியாக எடுத்து, 'குப்பை' என்று பெயர் போட்டு, எண் கொடுத்து வைப்பான். இது பதினேழாவது. புதுப் பாட்டுக்குத் தாளமே இதில் வெட்டிய துண்டுதான். சொல்லாமல் எடுத்துக்கொண்ட வெட்கத்தில் தலையைக் குனிந்தபடி முழுசாக ஓடவிட்டான்.

கர்... கர்... கர்...

இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் கண்ணை மூடினாள். மூடிய கண்ணிலிருந்து கண்ணீர் கரகரவென்று வழிந்தது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. "என்னம்மா, இவ்வளவு நேரம்? கிடைச்சுதா?"

டமாரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து நாளாகத் தன் காதுக்குள் பாடிக்கொண்டிருந்த அதே குரல், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உயிரோடு வாசலில் நின்றது.

அவள் ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தன் காதிலிருந்து விலக்கி அவரிடம் நீட்டினாள்.

"கிட்ட வாங்க. நீங்க பாடுறது இதுல இல்லீங்க... நம்மளை விட்டுப் போறதுக்கு முந்தின நாள் உங்க தோள்ல தூங்கினாளே, நம்ம பாப்பா மூச்சு மட்டும் தனியா இருக்கு."